பியெட் மொண்ட்ரியான்

பியெட் மொண்ட்ரியான் (மார்ச் 7, 1872 – பெப்ரவரி 1, 1944) நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த ஓவியர் ஆவார். அரூப ஓவியத்தின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். வெண்ணிறத் தளத்தின்மீது கறுப்பு நிறக் கிடைக்கோடுகளும் நிலைக்குத்துக் கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்ல, அவற்றுக்கு இடையில் அமையும் செவ்வகங்களுள் சில மட்டும் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய நிறங்களால் நிரப்பப்பட்டிருக்கும் ஓவியங்களே இவருக்குப் பெரும் புகழைத் தேடித் தந்தன. இவர் தமது கலைக் கொள்கைக்கு நியோபிளாஸ்டிசம் என்று பெயரிட்டார்.

மொண்ட்ரியானின் ஓவியங்கள் அளவுகோலையும் கணக்கீட்டையும் கொண்டு விரைவாக வரையப்பட்டவை போலத் தோற்றமளிக்கின்றன. எனினும் உண்மை இதற்கு மாறானது. ஒரு கோட்டின் இடத்தையும் தடிப்பையும் முடிவு செய்வதற்கு இவர் பல வாரங்களையும், சில வேளைகளில் பல ஆண்டுகளையும் எடுத்துக்கொண்டார். கணக்கீட்டை நம்பாது தமது கண்ணையும் உள்ளுணர்வையும் நம்பியே இவர் பணியாற்றினார் என்பதைப் பிற்காலத்தில் செய்யப்பட்ட அறிவியல் ஆய்வுகளும் காட்டுகின்றன.

பிறப்பும் இளமைக் காலமும்

மொண்ட்ரியான் நெதர்லாந்தின் அமர்சுஃபோர்ட் நகரில் பிறந்தார். இவரது முழுப்பெயர் பீட்டர் கொர்னெலிஸ் மொண்ட்ரியான் என்பதாகும். தந்தையார் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியர். ஓவியம் கற்பிக்கும் தகுதியும் பெற்றவர். குடும்பத்தினர் கால்வினியச் சீர்திருத்தக் கிறித்தவத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றினர். 1880 ஆம் ஆண்டில் இக்குடும்பம் வின்டர்ஸ்வைக் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. மொண்ட்ரியான் தந்தையிடம் கோட்டோவியமும், ஓவியராக இருந்த சிற்றப்பா ஃபிரிட்ஸ் மொண்ட்ரியானிடம் வண்ணம் தீட்டுதலும் பயின்றார்.

மகன் நிலையான வருமானம் தரும் தொழிலில் அமர வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பமாக இருந்தது. அதற்கிணங்க மொண்ட்ரியான் ஓவிய ஆசிரியருக்கான சான்றிதழ்களைப் பெற்றார். ஆயினும் ஆசிரியப் பணியில் நிலைத்திருக்க விரும்பாத இவர், 1892 ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் உள்ள அரச நுண்கலைக் கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். படிப்புக்குப் பின்னர் ரோம் பரிசுக்கான போட்டியில் இரு முறை கலந்துகொண்டும் வெற்றி கிட்டவில்லை. அருங்காட்சியக ஓவியங்களைப் பார்த்துப் படியெடுத்துக் கொடுத்தும், தனிப்பட்ட முறையில் ஓவியம் கற்பித்தும், பேராசிரியர் ஒருவருக்காக நுண்ணுயிர்களின் படங்களை வரைந்தும் இவர் பிழைப்பு நடத்தினார்.

இயற்கைக் காட்சி ஓவியங்கள்

நாற்பது வயதை நெருங்கும் வரையில் மொண்ட்ரியான் முதன்மையாக ஓர் இயற்கைக் காட்சி ஓவியராகவே இருந்தார். காற்றாலைகள், பண்ணை வீடுகள், ஆம்ஸ்டர்டாமுக்கு அருகில் ஓடும் கைன் ஆற்றின் கரையிலுள்ள மரங்கள் ஆகியவற்றை இவர் திரும்பத் திரும்ப வரைந்தார். மங்கிய பழுப்பு, சாம்பல், கரும்பச்சை ஆகிய நிறங்களைக் கொண்ட இவ்வோவியங்கள் அக்காலத்து டச்சு மரபுக்கு உட்பட்டவை. ஒரே மரத்தையோ ஆலையையோ பல முறை வரைந்து, ஒவ்வொரு முறையும் தேவையற்றது என்று கருதிய ஒன்றை விட்டுவிடும் பழக்கம் இக்காலத்திலேயே இவரிடம் தோன்றிவிட்டது. மாலை நேரத்திலும் நிலவொளியிலும் வரைவதை இவர் விரும்பினார். அந்த ஒளியில் சிறு விவரங்கள் மறைந்து, பொருளின் பெருவடிவம் மட்டும் எஞ்சி நிற்கும்.

1908 முதல் சீலாந்து மாகாணத்துக் கடற்கரை ஊரான டொம்பர்க்கில் இவர் கோடைகாலங்களைக் கழிக்கத் தொடங்கினார். அங்கே யான் டோரொப் முதலிய ஓவியர்களின் தொடர்பு ஏற்பட்டது. இவரது ஓவியங்களின் நிறங்கள் திடீரென ஒளி பெற்றன. நீலப் பின்னணியில் சிவப்பாக எரிவது போன்று தோன்றும் "மாலை: சிவப்பு மரம்" (1908–1910) இம்மாற்றத்தைக் காட்டும் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும்.

பிரம்மஞான சபையுடனான தொடர்பு

1909 ஆம் ஆண்டில் மொண்ட்ரியான் பிரம்மஞான சபையின் டச்சுக் கிளையில் உறுப்பினரானார். இச்சபை 1875 இல் நியூயார்க்கில் பிளவாட்ஸ்கி அம்மையார், ஆல்காட் ஆகியோர் உள்ளிட்ட சிலரால் தொடங்கப்பட்டது. அதன் உலகத் தலைமையகம் 1880களில் இருந்து சென்னை அடையாற்றில் இயங்கி வருகிறது.

கண்ணுக்குப் புலப்படும் பொருள்களுக்கு அப்பால் ஒரு பொதுவான ஒழுங்கு இருக்கிறது என்பதும், எதிரெதிரானவற்றின் சமநிலையே அவ்வொழுங்கின் அடிப்படை என்பதும் பிரம்மஞானக் கருத்துகளில் இருந்து மொண்ட்ரியான் எடுத்துக்கொண்டவை. நிலைக்குத்தும் கிடையும், ஆணும் பெண்ணும், ஆன்மாவும் பருப்பொருளும் என்றவாறு இணைகளை அமைத்து இவர் தமது குறிப்பேடுகளில் எழுதினார். 1910–1911 காலப்பகுதியில் வரைந்த "பரிணாமம்" என்னும் மூன்று பகுதி ஓவியத்தில் இக்கருத்துகளை மனித உருவங்களின் மூலம் நேரடியாகக் காட்ட முயன்றார். இம்முயற்சியை இவர் தொடரவில்லை. ஒரு கருத்தைக் குறியீடுகளால் விளக்குவதைவிட, ஓவியத்தின் கோடும் நிறமுமே அக்கருத்தாக அமைய வேண்டும் என்பது பின்னாளில் இவர் கொண்ட நிலைப்பாடு ஆகும்.

பாரிசும் கியூபிசமும்

1911 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஆம்ஸ்டர்டாமில் நடைபெற்ற நவீன ஓவியக் கண்காட்சி ஒன்றில், பிக்காசோ, பிராக் ஆகியோரின் கியூபிச ஓவியங்கள் வைக்கப்பட்டிருந்தன. அக்கண்காட்சியை ஏற்பாடு செய்த குழுவில் மொண்ட்ரியானும் இருந்தார். அதன் பின்னர் சில மாதங்களுக்குள் இவர் பாரிசுக்குச் சென்று குடியேறினார். இக்காலத்திலேயே தமது குடும்பப் பெயரில் இருந்த இரண்டு "அ" எழுத்துகளுள் ஒன்றை நீக்கிக் கையெழுத்திடத் தொடங்கினார்.

இவர் பாரிசில் பெற்ற மாற்றத்தை மூன்று மர ஓவியங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எளிதில் புரிந்துகொள்ளலாம். "சிவப்பு மரம்" ஓவியத்தில் மரம் மரமாகவே உள்ளது. "சாம்பல் மரம்" (1911) ஓவியத்தில் கிளைகள் வளைகோடுகளாகி, கிளைகளுக்கு இடையிலுள்ள வெற்றிடமும் கிளைகளுக்குச் சமமான அழுத்தம் பெறுகிறது. "பூத்த ஆப்பிள் மரம்" (1912) ஓவியத்தில், தலைப்பைப் படிக்காவிட்டால் அது மரம் என்றே தெரியாத அளவுக்கு வளைகோடுகளின் பின்னல் மட்டும் எஞ்சுகிறது.

கியூபிச ஓவியர்கள் பொருள்களைக் கூறுபடுத்திய போதிலும் பொருள்களை முற்றாகக் கைவிடவில்லை. கியூபிசம் தனது கண்டுபிடிப்பின் இறுதி விளைவுவரை செல்லத் தயங்கிவிட்டது என்பது மொண்ட்ரியானின் கருத்தாகும். அந்த எஞ்சிய தூரத்தைக் கடப்பதே தமது பணி என்று இவர் எண்ணினார்.

போர்க்காலமும் டி ஸ்டைலும்

1914 ஆம் ஆண்டு கோடையில், நோயுற்றிருந்த தந்தையைப் பார்ப்பதற்காக மொண்ட்ரியான் நெதர்லாந்துக்குச் சென்றார். அப்போது முதலாம் உலகப் போர் தொடங்கியதால் பாரிசுக்குத் திரும்ப முடியாமல் ஐந்து ஆண்டுகள் தாய்நாட்டிலேயே தங்க நேர்ந்தது. ஓவியக்கூடமும் அதிலிருந்த படைப்புகளும் பாரிசிலேயே இருந்துவிட்டன.

இக்காலத்தில் டொம்பர்க் கடற்கரையில் நின்று கடலையும், கடலுக்குள் நீண்டு செல்லும் மரத்தூண் வரிசைகளையும் இவர் வரைந்தார். இவ்வரைபடங்களில் இருந்து உருவானதே "கறுப்பு வெள்ளையில் 10 ஆம் இலக்க ஆக்கம்" (1915) என்னும் ஓவியம் ஆகும். அலைகளும் ஒளியும் வானமும் இதில் சிறுசிறு கிடைக்கோடுகளாகவும் நிலைக்குத்துக் கோடுகளாகவும் சுருங்கிவிடுகின்றன. கூட்டல், கழித்தல் குறிகளைப் போல் இக்கோடுகள் தோன்றுவதால் இவ்வகை ஓவியங்களைக் "கூட்டல்-கழித்தல் ஓவியங்கள்" என்றும் அழைப்பர்.

லாரன் என்னும் ஊரில் வாழ்ந்தபோது ஓவியர் பார்ட் வன் டெர் லெக்கின் அறிமுகம் கிடைத்தது. தட்டையான முதன்மை நிறங்களை அவர் பயன்படுத்திய முறை மொண்ட்ரியானைக் கவர்ந்தது. 1917 ஆம் ஆண்டு அக்டோபரில் தேயோ வன் டூஸ்பர்க் என்பவர் "டி ஸ்டைல்" என்னும் இதழைத் தொடங்கினார். இவ்விதழைச் சுற்றி ஓவியர்களும் கட்டடக் கலைஞர்களும் திரண்டனர். மொண்ட்ரியான் ஓவியத்தில் புதிய உருவாக்கம் பற்றி ஒரு நீண்ட கட்டுரையை இதில் தொடராக எழுதினார். தாம் செய்வதைச் சொற்களால் விளக்கும் இம்முயற்சியை இவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தார்.

1918–1919 காலப்பகுதியில் இவர் ஒரு சோதனை செய்தார். கித்தானைச் சம அளவுள்ள கட்டங்களாகப் பிரித்து, அக்கட்டங்களின் மீது ஓவியத்தை அமைத்தார். 1919 இல் வரைந்த இரண்டு "சதுரங்கப் பலகை" ஓவியங்கள் நீளவாக்கில் 16, அகலவாக்கில் 16 என 256 சம கட்டங்களைக் கொண்டவை. மொண்ட்ரியான் தமது கலையில் கணித ஒழுங்கை முழுமையாகப் பயன்படுத்தியது ஏறக்குறைய இந்தக் குறுகிய காலத்தில் மட்டுமே ஆகும். ஒரே அளவு மீண்டும் மீண்டும் வருவது இயற்கையின் தாளத்தையே ஒத்திருக்கிறது. அது உயிருள்ள சமநிலை ஆகாது என்று கண்ட இவர், இம்முறையை விரைவில் கைவிட்டார்.

நியோபிளாஸ்டிசம்

1919 ஆம் ஆண்டில் மொண்ட்ரியான் பாரிசுக்குத் திரும்பினார். மறு ஆண்டில் "நியோபிளாஸ்டிசம்" என்ற சிறு நூலைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். 1921 ஆம் ஆண்டளவில் இன்று உலகம் அறிந்த மொண்ட்ரியான் பாணி முழு வடிவம் பெற்றது. இவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட விதிகளைப் பின்வருமாறு சுருக்கிக் கூறலாம்:

நேர்கோடுகள் மட்டும், அவையும் கிடையாகவோ நிலைக்குத்தாகவோ மட்டும் அமைய வேண்டும்.
சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்று நிறங்களும், கறுப்பு, வெள்ளை, சாம்பல் ஆகிய நிறமற்றவையும் மட்டும் இடம்பெறலாம்.
இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் சமச்சீர் கூடாது. சமமற்றவற்றின் மூலமே சமநிலை எட்டப்பட வேண்டும்.

இவற்றுள் மூன்றாவதே இவரது கலையின் மையம் ஆகும். ஓவியத்தின் ஒரு மூலையில் உள்ள சிறிய சிவப்புச் செவ்வகம், மறுமூலையில் உள்ள பெரிய வெண்பரப்புக்கு ஈடுகொடுத்து நிற்க வேண்டும். எது எதற்கு ஈடாகும் என்பதற்கு வாய்பாடு எதுவும் இல்லை. ஒவ்வொரு கித்தானிலும் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சாத்தியங்கள் குறையக் குறைய ஒவ்வொரு முடிவின் எடையும் கூடியது. பல நிறங்களும் வடிவங்களும் உள்ள ஓவியத்தில் ஒரு கோடு சிறிது விலகினால் அது கண்ணில் படாது. ஐந்து கோடுகள் மட்டுமே உள்ள ஓவியத்தில் அதே விலகல் முழு ஓவியத்தையும் குலைத்துவிடும்.

இக்கொள்கை இவருக்குப் பொருள் வளத்தைத் தரவில்லை. ஓவியங்களை வாங்குவோர் அரிதாக இருந்தனர். 1920களின் நடுப்பகுதி வரையில் பூக்களை நீர்வண்ணத்தில் வரைந்து நண்பர்கள் மூலம் விற்றே இவர் வாழ்க்கையை ஓட்டினார். இயற்கையைத் தமது கலையிலிருந்து முற்றாக விலக்கிய ஒருவர் பிழைப்புக்காகப் பூக்களை வரைய வேண்டியிருந்தது. ஓவியத் தொழிலையே விட்டுவிடலாமா என்றும் ஒரு கட்டத்தில் எண்ணினார். எனினும் விற்பனைக்காகத் தமது அரூப ஓவியங்களின் விதிகளைத் தளர்த்த இவர் முன்வரவில்லை.

1920களின் நடுப்பகுதியில் வன் டூஸ்பர்க்குடன் கருத்து வேறுபாடு ஏற்பட்டு, மொண்ட்ரியான் டி ஸ்டைல் குழுவிலிருந்து விலகினார். வன் டூஸ்பர்க் மூலைவிட்டச் சாய்கோடுகளைப் பயன்படுத்தியதே இதற்குக் காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுவதுண்டு. கோட்டின் சாய்வைவிட, காலம், இயக்கம் ஆகியவற்றுக்குக் கலையில் உள்ள இடம் பற்றி இருவரும் வேறுபட்ட கருத்துக் கொண்டிருந்ததே பெரிய காரணம் எனச் சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர். மொண்ட்ரியானும் கித்தானை 45 பாகை திருப்பிச் சாய்சதுரமாகத் தொங்கவிட்டு வரைந்திருக்கிறார். ஆனால் கித்தான் சாய்ந்திருந்தாலும் அதற்குள் இருக்கும் கோடுகள் கிடையாகவும் நிலைக்குத்தாகவுமே இருந்தன.

ஓவியங்களை உருவாக்கிய முறை

கோடுகள்

மொண்ட்ரியான் முதலில் கரிக்கோலால் கித்தானில் கோடுகளை இட்டுப் பார்ப்பார். பின்னர் துடைத்துச் சிறிது தள்ளி மீண்டும் இடுவார். காகிதப் பட்டைகளைக் கித்தானின்மீது வைத்து நகர்த்திப் பார்ப்பதும் உண்டு. கோடு எங்கே அமைய வேண்டும் என்பது முடிவான பின்னரே வண்ணம் தீட்டத் தொடங்குவார். வண்ணம் தீட்டும்போது கித்தானை மேசையின்மீது கிடத்தி வைத்திருப்பார். ஓவியத்தாங்கி பெரும்பாலும் வரைந்ததை நிறுத்தி வைத்துத் தொலைவிலிருந்து பார்ப்பதற்கே பயன்பட்டது.

இவரது கறுப்புக் கோடுகள் எல்லாம் ஒரே தடிப்புடையவை அல்ல. ஒரே ஓவியத்தில் மெல்லிய கோடும் அதைவிட இருமடங்கு தடித்த கோடும் அருகருகே காணப்படும். சில கோடுகள் கித்தானின் விளிம்பு வரை செல்லும். சில விளிம்புக்குச் சற்று முன்னரே நின்றுவிடும். அச்சிட்ட படங்களில் இவ்வேறுபாடுகள் பெரும்பாலும் மறைந்துபோவதால், நேரில் பார்ப்பவர்கள் வியப்படைவது வழக்கம்.

நிறங்கள்

வெண்பரப்பு என்று நாம் காண்பது வெறுமனே விடப்பட்ட கித்தான் அன்று. வெள்ளை வண்ணம் பல அடுக்குகளாகத் தீட்டப்பட்டது. ஒரு கட்டத்தில் தூரிகைத் தடங்கள் கிடையாகவும் அடுத்த கட்டத்தில் நிலைக்குத்தாகவும் செல்வதைக் காணலாம். ஒளி படும்போது இத்தடங்கள் வெவ்வேறு விதமாக மினுங்குகின்றன. வெள்ளைகளும் ஒன்றல்ல. நீலம் கலந்த வெள்ளை, சாம்பல் கலந்த வெள்ளை எனப் பல உண்டு. மாறாக, கறுப்புக் கோடுகள் மென்மையாகவும் பளபளப்பாகவும் தீட்டப்பட்டிருக்கும்.

சட்டம்

பொதுவாக ஓவியங்கள் சட்டத்தின் உட்பக்கமாகச் சற்று உள்ளடங்கி இருக்கும். மொண்ட்ரியான் இதை மாற்றி, கித்தானை ஒரு தட்டையான பட்டைச் சட்டத்தின் முன்புறமாகப் பொருத்தினார். இதனால் ஓவியம் சுவரிலிருந்து பார்ப்பவரை நோக்கி முன்னே வருகிறது. ஓவியம் என்பது தொலைவிலுள்ள காட்சியைக் காட்டும் சாளரம் அன்று, அதுவும் அறையிலுள்ள ஒரு பொருளே என்ற எண்ணம் இதில் வெளிப்படுகிறது.

கணக்கீடா, கண்ணளவா

மொண்ட்ரியான் பொன் விகிதத்தைப் பயன்படுத்தினார் என்று சில நூல்களில் எழுதப்பட்டுள்ளது. ஆனால் இவர் அவ்வாறு கணக்கிட்டார் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. மாறாக, இவரது ஓவியங்களின் மேற்பரப்புக்குக் கீழே கோடுகள் சிறிது சிறிதாக இடம் மாற்றப்பட்டதற்கான தடங்கள் ஏராளமாக உள்ளன. முன்கூட்டியே கணக்கிட்டு வரைபவருக்கு இத்தனை திருத்தங்கள் தேவைப்பட்டிருக்காது. வண்ணத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே இடத்தில் மீண்டும் தீட்டுவதும் இவரது வழக்கமாக இருந்தது. இவ்வாறு அடுக்குமேல் அடுக்காகத் தீட்டியதன் விளைவாகச் சில ஓவியங்களில் பிற்காலத்தில் வெடிப்புகள் தோன்றியுள்ளன.

ஓவியக்கூடம்

பாரிசின் மொம்பர்னாஸ் தொடருந்து நிலையத்துக்கு அருகில், டெப்பார் தெரு 26 ஆம் இலக்கக் கட்டடத்தில் 1921 முதல் 1936 வரை மொண்ட்ரியானின் ஓவியக்கூடம் அமைந்திருந்தது. ஓவியம் வரைவதற்கான இடமாக மட்டுமன்றி, அவ்வறையையே ஓர் ஓவியமாக இவர் அமைத்தார். சுவர்களில் சிவப்பு, மஞ்சள், நீலம், சாம்பல், வெள்ளை நிற அட்டைகளைப் பொருத்தி, அவற்றை அவ்வப்போது இடம் மாற்றி வந்தார். கித்தானில் செய்யவிருக்கும் மாற்றங்களுக்குச் சுவர் ஒரு சோதனைக்களமாக இருந்தது. வாசலருகே ஒரு பூச்சாடியில் ஒரேயொரு செயற்கைத் துலிப் மலர் இருந்தது. அதன் இலைக்கும் வெள்ளை வண்ணம் பூசப்பட்டிருந்தது. இம்மலரைக் காட்டும் வகையில் அந்திரே கெர்டேஸ் 1926 இல் எடுத்த ஒளிப்படம் புகழ்பெற்றது.

1930 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் இவ்வறைக்கு வந்தார். சுவரிலுள்ள செவ்வகங்கள் அசைந்தால் நன்றாக இருக்குமே என்று அவர் கூறியபோது, தமது ஓவியம் ஏற்கெனவே போதிய வேகத்துடன் இருப்பதாக மொண்ட்ரியான் மறுத்துவிட்டார். ஆயினும் கால்டர் அரூபக் கலைக்குத் திரும்பியதற்கும், பின்னர் அசையும் சிற்பங்களை உருவாக்கியதற்கும் இச்சந்திப்பே தூண்டுகோலாக அமைந்தது.

மொண்ட்ரியான் திருமணம் செய்துகொள்ளவில்லை. தனிமையில் எளிமையாக வாழ்ந்த போதிலும் நடனத்திலும் ஜாஸ் இசையிலும் பெரும் ஈடுபாடு கொண்டிருந்தார். 1927 இல் ஜாஸ் இசையையும் நியோபிளாஸ்டிசத்தையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். தமது இரண்டு ஓவியங்களுக்கு "ஃபாக்ஸ் டிராட்" என்னும் நடனத்தின் பெயரைச் சூட்டினார்.

1932 முதல் இவரது ஓவியங்களில் இரட்டைக் கோடுகள் தோன்றின. அருகருகே செல்லும் இரு கோடுகள், கோடு எது, தளம் எது என்ற வேறுபாட்டை மங்கச் செய்தன. அதன் பின்னர் கோடுகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே சென்றது. அறுபது வயதைக் கடந்த பின்னரும் தாம் எட்டிய வடிவத்தில் நின்றுவிடாமல் அதையே குலைத்துப் பார்க்க இவர் துணிந்தார்.

இலண்டனும் நியூயார்க்கும்

1937 இல் செருமனியில் நாசி அரசு நடத்திய "சீர்கெட்ட கலை" என்னும் கண்காட்சியில் மொண்ட்ரியானின் இரண்டு ஓவியங்கள் இகழ்ச்சிக்காக வைக்கப்பட்டன. போர் நெருங்குவதை உணர்ந்த இவர் 1938 செப்டம்பரில் இலண்டனுக்குச் சென்று, ஆம்ப்ஸ்டெட் பகுதியில் ஓவியர் பென் நிக்கல்சனின் வீட்டுக்கு அருகில் தங்கினார். 1940 இல் இலண்டன்மீது குண்டுவீச்சுத் தொடங்கிய பின்னர், ஹாரி ஹோல்ட்ஸ்மன் என்னும் இளம் அமெரிக்க ஓவியரின் உதவியுடன் கப்பலில் புறப்பட்டு அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கை அடைந்தார்.

ஐரோப்பாவில் தொடங்கிய பல ஓவியங்களும் இவருடன் கடல் கடந்தன. அவற்றுள் சில முன்னரே நிறைவுற்றவையாகக் கருதப்பட்டவை. ஆனால் நியூயார்க்கில் அவற்றை மொண்ட்ரியான் மீண்டும் திருத்தினார். கறுப்புக் கோடுகளால் சூழப்படாத சிறுசிறு வண்ணப் பட்டைகளைச் சேர்த்தார், கோடுகளை நகர்த்தினார். இவ்வாறு இரு கண்டங்களிலும் வரையப்பட்ட 17 ஓவியங்கள் "அத்திலாந்திக் கடந்த ஓவியங்கள்" என அழைக்கப்படுகின்றன. ஆர்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இவற்றை எக்ஸ்-கதிர் முதலிய முறைகளால் ஆராய்ந்து, கோடுகளின் முந்தைய இடங்களைக் கண்டறிந்து 2001 இல் வெளியிட்டனர்.

1942 சனவரியில் நியூயார்க்கின் வாலன்டைன் காட்சிக்கூடத்தில் இவரது தனி ஓவியக் கண்காட்சி நடைபெற்றது. அப்போது இவருக்கு வயது 69. 1943 இல் பெகி குகன்கைமின் காட்சிக்கூடத்துக்கு ஓவியங்களைத் தெரிவு செய்யும் குழுவில் இருந்தபோது, அதிகம் அறியப்படாத இளைஞராக இருந்த சாக்சன் பொலொக்கின் ஓவியத்தின் முன் மொண்ட்ரியான் நீண்ட நேரம் நின்றார். அவ்வோவியத்தை விரும்பாத குகன்கைமிடம், தாம் அமெரிக்காவில் கண்டவற்றுள் கவனத்துக்குரியது அதுவே என்ற பொருள்படக் கூறினார். பின்னாளில் வண்ணத்தைச் சொட்டவிட்டு வரைந்து புகழ்பெற்ற பொலொக்கின் முறை, மொண்ட்ரியானின் முறைக்கு முற்றிலும் எதிரானது என்பது குறிப்பிடத்தக்கது.

நியூயார்க்கில் மொண்ட்ரியான் ஒரு புதிய கருவியைக் கண்டுகொண்டார். கடைகளில் விற்ற வண்ண ஒட்டுநாடாக்களே அது. கரிக்கோலால் இட்டுத் துடைப்பதற்குப் பதிலாக, நாடாவை ஒட்டிப் பார்த்து, பொருந்தாவிட்டால் உரித்தெடுத்து வேறிடத்தில் ஒட்டலாம். சிந்தனையின் வேகத்துக்குக் கை ஈடுகொடுக்க இது உதவியது. கறுப்புக் கோடுகள் மறைந்து, வண்ணமே கோடாயிற்று. "பிராட்வே பூகி வூகி" (1942–1943) ஓவியத்தில் மஞ்சள் கோடுகளின்மீது சிவப்பு, நீல, சாம்பல் நிறச் சிறு சதுரங்கள் துடிப்பது போலத் தோன்றுகின்றன. நகரத்தின் குறுக்கும் நெடுக்குமான தெருக்களையும், இவர் விரும்பிக் கேட்ட பூகி வூகி இசையின் தாளத்தையும் இது நினைவூட்டுகிறது.

இறுதி ஓவியமும் இறப்பும்

1942 இல் தொடங்கிய "விக்டரி பூகி வூகி", போரில் வெற்றி கிட்டும் என்ற நம்பிக்கையைப் பெயரில் கொண்டது. சாய்சதுரமாகத் தொங்கும் இவ்வோவியம் ஏறத்தாழ நிறைவுற்ற நிலையில் இருந்தபோது, 1944 சனவரியில் மொண்ட்ரியான் அதன்மீது மீண்டும் நாடாத் துண்டுகளையும் வண்ணக் காகிதத் துண்டுகளையும் ஒட்டி மாற்றத் தொடங்கினார். அம்மாற்றங்கள் முடிவதற்கு முன்னரே நுரையீரல் அழற்சியால் பாதிக்கப்பட்டு, 1944 பெப்ரவரி 1 ஆம் நாள் தமது 71 ஆவது வயதில் காலமானார். இவரது உடல் புரூக்ளினில் உள்ள சைப்ரஸ் ஹில்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. ஓவியக்கூடத்தை ஹோல்ட்ஸ்மன் சில வாரங்கள் அப்படியே வைத்திருந்து, பொதுமக்கள் பார்வையிட அனுமதித்தார்.

நாடாத் துண்டுகள் ஒட்டிய நிலையிலேயே இவ்வோவியம் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. 1998 இல் நெதர்லாந்து நாட்டுக்காக 80 மில்லியன் கில்டருக்கு வாங்கப்பட்டபோது, பொதுப் பணத்தை இதற்குச் செலவிட்டது சரியா என்ற பெரும் விவாதம் அந்நாட்டில் எழுந்தது.

பிற்கால ஆய்வுகளும் விவாதங்களும்

மொண்ட்ரியானின் ஓவியத்தை ஒரு பொறி செய்துவிட முடியாதா என்ற கேள்வி நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. 1960களில் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மைக்கேல் நோல் என்னும் பொறியாளர் இதைச் சோதித்தார். மொண்ட்ரியானின் "கோடுகளாலான ஆக்கம்" (1917) ஓவியத்தை ஒத்த படம் ஒன்றைத் தற்போக்கு எண்களைக் கொண்டு கணினியால் உருவாக்கினார். இரு படங்களின் நகல்களையும் 100 பேரிடம் காட்டியபோது, 59 விழுக்காட்டினர் கணினியின் படத்தையே விரும்பினர். எது கணினியின் படம் என்பதை 28 விழுக்காட்டினரே சரியாகக் கூறினர்.

இச்சோதனை முடிவை மதிப்பிடும்போது இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். காட்டப்பட்டவை நகல்களே, வண்ண அடுக்குகளும் தூரிகைத் தடங்களும் அவற்றில் இல்லை. மேலும், ஒழுங்கற்ற அமைப்பைப் பலர் மனிதக் கற்பனையுடனும், ஒழுங்கான அமைப்பைக் கணினியுடனும் தொடர்புபடுத்தியிருந்தனர். மொண்ட்ரியானின் கவனமான ஒழுங்கே அவரைப் பொறி என்று எண்ண வைத்தது.

2022 இல் வேறொரு செய்தி உலகின் கவனத்தை ஈர்த்தது. செருமனியின் டுசல்டோர்ஃப் நகரிலுள்ள அருங்காட்சியகத்தின் "நியூயார்க் நகரம் 1" (1941) என்னும் நாடா ஓவியம், 1945 இல் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டதிலிருந்து தலைகீழாகவே தொங்குவதாகத் தெரிகிறது என அங்குள்ள கலை வல்லுநர் ஒருவர் அறிவித்தார். 1944 இல் இதழொன்றில் வெளியான ஓவியக்கூடத்து ஒளிப்படத்தில் அது மறுபக்கமாக நிற்பதே இதற்கு முதன்மைச் சான்று. திருப்பித் தொங்கவிட்டால் பழைய நாடாக்கள் விழுந்துவிடக்கூடும் என்பதால் அதை அப்படியே விட்டுவிட முடிவு செய்யப்பட்டது. ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகளாக யாரும் இதைக் கவனிக்காதது இவரது கலை பொருளற்றது என்பதற்குச் சான்று எனச் சிலர் கூறினர். தலைகீழாக நின்றும் அதன் சமநிலை குலையாதது அக்கலையின் வலிமையையே காட்டுகிறது என வேறு சிலர் கூறினர்.

தாக்கம்

டி ஸ்டைல் இயக்கத்தைச் சேர்ந்த கெரிட் ரீட்வெல்டின் சிவப்பு-நீல நாற்காலி, உட்ரெக்ட் நகரில் 1924 இல் கட்டப்பட்ட ஷ்ரோடர் இல்லம் ஆகியவற்றில் மொண்ட்ரியானின் கருத்துகளுடன் நெருங்கிய உறவைக் காணலாம். 1965 இல் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான் இவரது ஓவியங்களைத் தழுவி ஆடைகளை உருவாக்கினார். நிறக்கட்டங்களையே கட்டளைகளாகக் கொள்ளும் கணினி நிரலாக்க மொழி ஒன்றுக்குப் "பியெட்" என்று இவரது பெயர் இடப்பட்டுள்ளது. 1930 ஆம் ஆண்டில் இவர் வரைந்த ஓர் ஓவியம் 2022 நவம்பரில் நியூயார்க்கில் 51 மில்லியன் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. வாழ்ந்த காலத்தில் பூக்களை வரைந்து விற்றுப் பிழைத்தவரின் ஓவியம் அது.

இவரது படைப்புகளின் மிகப்பெரிய தொகுப்பு டென் ஹாக் நகரின் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. இவரது பழைய ஓவியங்களைத் தொடர்ந்து வாங்கிவந்த சலொமோன் ஸ்லைப்பர் என்னும் சேகரிப்பாளர் விட்டுச்சென்ற தொகுப்பு இதன் பெரும்பகுதி ஆகும். அமர்சுஃபோர்ட்டில் இவர் பிறந்த இல்லம் நினைவு அருங்காட்சியகமாகப் பேணப்படுகிறது.

குறிப்பிடத்தக்க ஓவியங்கள்

மாலை: சிவப்பு மரம் (1908–1910) – டென் ஹாக் கலை அருங்காட்சியகம்
சாம்பல் மரம் (1911) – டென் ஹாக் கலை அருங்காட்சியகம்
பூத்த ஆப்பிள் மரம் (1912) – டென் ஹாக் கலை அருங்காட்சியகம்
கறுப்பு வெள்ளையில் 10 ஆம் இலக்க ஆக்கம் (1915) – குரோலர்-மியூலர் அருங்காட்சியகம், ஒட்டர்லோ
சிவப்பு, நீலம், மஞ்சள் ஆகியவற்றாலான ஆக்கம் 2 (1930) – சூரிக் கலைக்கூடம்
டிரஃபால்கர் சதுக்கம் (1939–1943) – நவீன கலை அருங்காட்சியகம், நியூயார்க்
பிராட்வே பூகி வூகி (1942–1943) – நவீன கலை அருங்காட்சியகம், நியூயார்க்
விக்டரி பூகி வூகி (1942–1944, நிறைவுறாதது) – டென் ஹாக் கலை அருங்காட்சியகம்